வெள்ளிக்குள் அனுப்பவும்

மாவட்ட மைய நூலகத்திலிருந்து சுற்றறிக்கை.
படைப்பாற்றல், புதிய அறிவியல், தன்முன்னேற்றம்:
வாசகர்களுக்குப் பரிந்துரைக்கத் தக்க நூல்களை
வெள்ளிக்குள் அனுப்பவும்.
இன்று வியாழன்.
பாம்பனில் கச்சான் வீசுகிறது.
அலமாரி தானே திறந்து தானே மூடிக்கொள்கிறது,
பூட்டு போன வருஷமே துருவாய் உதிர்ந்துவிட்டது.

சுலபமானதிலிருந்து தொடங்கினேன்.
தன்முன்னேற்றம்.
சூரியனுக்கு முன்னால் எழுபவன் சாதிப்பான் என்று
முந்நூறு பக்கத்துக்குச் சொல்கிற புத்தகம்,
அதிகம் வெளியே போய்வந்தது.
சந்தியாகு இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார்.
"ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிக்கிறேன் தங்கச்சி,
இருபத்தாறு வருஷமா.
இன்னும் எவ்வளவு முன்னால எந்திரிக்கணும்னு
அதுல போடல."
பதினோராம் பக்கத்தில்
ஒரு சூடைச் செதில் ஒட்டியிருந்தது.
அதுவரை படித்திருக்கிறார்.

புதிய அறிவியலில் எனக்குப் பிடித்தது
பேய்க்கணவாயைப் பற்றியது.
எட்டுக் கை, கைக்கொரு சின்ன மூளை,
தலையைக் கேட்காமலே கை முடிவெடுக்குமாம்.
கடைசியாக எடுத்தவர் சின்னப்பாலம் நம்புஈஸ்வரி.
விரல்தோறும் துணி சுற்றிக்கொண்டு
பாறை இடுக்கில் பாசி பறிக்கிறவர்.
பக்க ஓரத்தில் பென்சிலால்:
"பொந்துக்குள்ள அஞ்சாலை இருந்தா
என் கை என்கிட்ட சொல்லாமலே வெளிய வந்துரும்.
வந்த பிறகுதான் எனக்குப் பயம் வரும்.
இதை யாரும் கண்டுபிடிக்கலையா?"

புத்தகத்தில் கிறுக்கினால் அபராதம் உண்டு.
ஐந்து ரூபாய் வாங்கி ரசீது கொடுத்தேன்.
அச்சில் இருந்ததை ஒரு தடவை படித்தேன்,
ஓரத்தில் இருந்ததை மூன்று தடவை.
அழிக்க ரப்பர்
இழுப்பறையில்தான் கிடக்கிறது.

படைப்பாற்றலுக்கு ஒரே ஒரு புத்தகம்.
எனக்கு முன்னாலிருந்தவர்
மேசைக்காலுக்கு அடியில் கொடுத்திருந்தார்.
உருவிவிட்டேன், மேசை ஆடுகிறது.
நாற்பதாம் பக்கத்தில் பயிற்சி:
ஒரு செங்கல்லால் என்னவெல்லாம் செய்யலாம்?
கீழே வெற்றுக் கோடுகள்.
நீல மையில் யாரோ:
வலைக்குக் கனம். அடுப்புக்கு மூன்றாவது கல்.
தார்ப்பாய் பறக்காமல்.
வேறு கை, வேறு மை:
பாம்பு.
(பாம்பை அடிக்க என்று எடுத்துக்கொள்கிறேன்.)
பச்சையில், பிள்ளை எழுத்து:
கிரிக்கெட் ஸ்டம்ப்பு. மூணு வேணும்.
கடைசியாகக் கறுப்பில், மிக நேராக:
புயலுக்குப் பிறகு
வீடு இருந்த இடத்தைக் காட்ட.
அதற்குக் கீழே யாரும் எழுதவில்லை.
அது மேசைக்கடியில் போனது
அப்போதாகத்தான் இருக்கும்.

படிவத்தில் மூன்று கட்டம்:
நூல் பெயர், ஆசிரியர், விலை.
பென்சிலுக்கு என்ன விலை போடுவது?
கறுப்பு மைக்காரரின் பெயரை
யாரிடம் கேட்பது?

நாலரைக்குப் பாலத்தில் ரயில் ஊர்ந்தது.
படிவம் காற்றில் எழும்பி
நாளிதழ் பெஞ்சுக்கடியில் போய் ஒளிந்தது.
தேடி எடுத்து, மேலே வைக்க ஒன்றும் அகப்படாமல்,
வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லைக்
கொண்டுவந்து வைத்தேன்.
கதவு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

அதைத் தோளால் தள்ளிக்கொண்டு
நம்புஈஸ்வரி வந்தார்.
தலையில் ஈரம், புருவத்தில் உப்பு.
"கணவாய்ப் புத்தகத்துக்கு அடுத்த பாகம் இருக்கா?"
இல்லை என்றேன்.
"அப்ப அதையே குடுங்க."
படித்ததுதானே என்றேன்.
"படிக்கிறதுக்கு இல்ல."

ஐந்து ரூபாயை
முதலிலேயே மேசையில் வைத்தார்.
மேசை ஆடியது.
நாணயம் உருண்டு
படிவத்தின் விலைக் கட்டத்தில்
போய்ப் படுத்துக்கொண்டது.